டிசம்பர் தில்லி: வளர்ச்சிப் பொருளாதாரக் கருத்தரங்குகளின் நாட்குறிப்பு

புறப்படும் நாள்

டிசம்பர் நடுவில் வளர்ச்சிப் பொருளாதார ஆய்வாளர்கள் தில்லியில் இரண்டு இடங்களில் கூடுகிறார்கள். வடக்கே, தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் பொருளாதார அளவியல் ஆய்வாளர்களின் உலக அமைப்பான எகனாமெட்ரிக் சொசைட்டியுடன் சேர்ந்து நடத்தும் குளிர்காலப் பள்ளி. தெற்கே, இந்தியப் புள்ளியியல் கழகத்தின் தில்லி மையம் ஆண்டுதோறும் நடத்தும் பொருளாதார வளர்ச்சி, மேம்பாட்டு மாநாடு. இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்து வருவதால் ஒரே பயணத்தில் முடித்துக்கொள்ளலாம். அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேலை பார்க்கும் இந்தியப் பேராசிரியர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும் சமயமும் இதுதான். சர்வதேச ஜர்னல்களுக்கு வரும் கட்டுரைகளை மதிப்பிடும் ரெஃபரிகளின் கேள்விகளை விமானச் செலவோ விசாவோ இல்லாமல் நேரில் கேட்டு வாங்க, இங்குள்ள மாணவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஆண்டில் வேறு கிடையாது.

முதல் எதிரி மூடுபனி. சென்னை சென்ட்ரலிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லி சேர சுமார் 33 மணி நேரம் ஆகும். டிசம்பர் பாதிக்கு மேல் வட இந்தியப் பகுதியில் அது பல மணி நேரம் தாமதமாவது புதிதல்ல. காலையில் இறங்கி 10 மணி அமர்வுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு முழு நாள் இடைவெளி வேண்டும். விமானம் என்றால் அதிகாலை வேண்டாம், நண்பகலை ஒட்டித் தரையிறங்குவதாகப் பாருங்கள். பனி மிக அடர்ந்திருப்பது நள்ளிரவு தொடங்கி காலை 9, 10 மணி வரைதான்.

ஸ்வெட்டரின் மேல் ஒரு கனமான ஜாக்கெட் கட்டாயம். அரங்குக்குள்ளும் குளிரும், நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டும். காற்று மோசமாக இருக்கும் மாதம் என்பதால் என்95 முகக்கவசம் நான்கைந்து எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டை கட்டினால் உரை நிகழ்த்த முடியாது. ஸ்லைடுகளை பிடிஎஃப் ஆக்கி மூன்று இடங்களில் வையுங்கள்: மடிக்கணினியில், பென் டிரைவில், உங்களுக்கு நீங்களே அனுப்பிய மின்னஞ்சலில். அரங்கில் இருக்கும் கணினி எதுவானாலும் பிடிஎஃப் திறக்கும். பவர்பாயிண்ட் கோப்பானால் எழுத்துரு மாறிவிடும், சமன்பாடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். சொந்த மடிக்கணினிதான் வேண்டும் என்பவர்கள் எச்டிஎம்ஐ, விஜிஏ இரண்டுக்கும் இணைப்பான் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள்: வடக்கு வளாகம்

மஞ்சள் வழித்தட மெட்ரோவில் விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கினால் மின்சார ரிக்‌ஷாவில் சில நிமிடங்கள். டி ஸ்கூல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை 1949இல் நிறுவியவர் காஞ்சிபுரத்தில் பிறந்த வி.கே.ஆர்.வி. ராவ். அமர்த்தியா சென் 1963 முதல் 1971 வரை பாடம் நடத்திய இடம். பக்கத்திலேயே ரத்தன் டாடா நூலகம். இங்குள்ள கேண்டீனின் மட்டன் தோசைக்குத் தில்லி முழுக்கப் பேர் உண்டு. இடைவேளையில் வரிசை நீளும், அந்த வரிசையில் நிற்பதும் நல்லதுதான். பாதி விவாதங்கள் அங்கேதான் நடக்கின்றன.

குளிர்காலப் பள்ளியின் உயிர், அழைப்பின் பேரில் வருபவர்கள் நடத்தும் தொடர் விரிவுரைகள். கட்டுரை வாசிப்புகளும் உண்டு. ஆனால் முதல் முறை வருகிறவர்கள் விரிவுரைகளைத் தவறவிடாமல் இருப்பது நல்லது. முறையியலில் ஐந்தாண்டில் என்ன மாறியிருக்கிறது என்பது பாடப்புத்தகத்துக்கு வந்துசேர இன்னும் ஐந்தாண்டு ஆகும்.

சமீப ஆண்டுகளின் மிகப் பெரிய மாற்றம், திட்டம் வந்த இடத்தில் நேர்ந்த மாற்றத்தை வராத இடத்தின் மாற்றத்தோடு ஒப்பிடும் டிஃப்-இன்-டிஃப் முறையில் நடந்தது. இந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இது நேரடியாக உறைக்கும், ஏனென்றால் நம் திட்டங்கள் அநேகமாகக் கட்டம் கட்டமாகவே வருகின்றன. 100 நாள் வேலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்கள், 2007இல் மேலும் 130, 2008 ஏப்ரலில் மீதி எல்லாம். மாவட்டத்துக்கு ஒரு நிலை மாறிலி (அந்த மாவட்டத்தின் மாறாத தன்மைகளைக் கழிக்கும் எண்), ஆண்டுக்கு ஒரு நிலை மாறிலி, திட்டம் வந்ததா இல்லையா என்று ஒரு மாறி என்று போட்டு ஒற்றை எண்ணை எடுப்பதுதான் நெடுநாள் வழக்கம். அந்த எண்ணுக்குள் நடப்பது வேறு. முதல் கட்ட மாவட்டங்களை இன்னும் திட்டம் வராதவற்றோடு ஒப்பிடுவதோடு அது நிற்பதில்லை. மூன்றாம் கட்ட மாவட்டங்களை, ஏற்கெனவே திட்டம் வந்துவிட்ட முதல் கட்ட மாவட்டங்களோடும் ஒப்பிடுகிறது. திட்டத்தின் விளைவு ஆண்டுக்கு ஆண்டு வளரக்கூடியதானால், முதல் கட்டத்தில் தொடரும் வளர்ச்சி ஒப்பீட்டுக் குழுவின் இயல்பான போக்காகக் கணக்கில் ஏறி, விளைவிலிருந்து கழிந்துபோகிறது. உண்மையில் நல்ல விளைவு இருந்தும் பூஜ்யமாகவோ எதிர்மறையாகவோ எண் வரலாம். கணக்கில் தப்பே இருக்காது, ஒப்பீடுதான் தப்பு.

2021இல் வெளியான குட்மன்-பேகனின் பகுப்பு, இந்த ஒற்றை எண் எந்தெந்த ஒப்பீடுகளிலிருந்து எவ்வளவு எடையோடு வருகிறது என்று பிரித்துக் காட்டும். முதலில் அதை ஓட்டுங்கள். பிறகு காலவே-சாந்தன்னா அல்லது ட ஷெஸ்மார்ட்டான்-டோல்ட்ஃபே முறையில், இன்னும் திட்டம் வராத மாவட்டங்களை மட்டும் ஒப்பீட்டுக்கு வைத்து மறுபடி மதிப்பிடுங்கள். இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 2008 ஏப்ரலுக்குப் பிறகு திட்டம் வராத ஊரக மாவட்டம் என்று எதுவுமே மிஞ்சவில்லை. ஆகவே 2010, 2011 தரவைச் சேர்த்தால் மாதிரி பெருகும், ஒப்பீடு பெருகாது. எந்தப் புதிய மென்பொருளும் இதைச் சரிசெய்யாது.

இன்னொரு கேள்வி எப்படியும் வரும்: முதல் 200 மாவட்டங்கள் யார் கைக்காட்டலில் வந்தவை? திட்டக் குழுவின் பின்தங்கிய மாவட்டத் தரவரிசையை ஒட்டித்தான் பெரும்பாலும் தேர்வு நடந்தது. ஏழை மாவட்டங்கள் முதலில் வந்தன. அவற்றின் கூலி எப்படியும் வேறு வேகத்தில்தான் போயிருக்கும் என்று ஒருவர் சொன்னால், 2006க்கு முந்தைய சில ஆண்டுகளின் போக்கை வரைபடமாகக் காட்ட வேண்டும். அந்தப் படத்தை உரையின் முதல் பாதியிலேயே வையுங்கள். பின்னிணைப்பில் புதைத்தால் கேள்வி கேட்பவர் அதை நீங்கள் ஒளித்ததாகவே எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் நாள்: 20 நிமிடமும் 90 நிமிடமும்

துறை செமினார் வேறு, மாநாட்டு அமர்வு வேறு. செமினாரில் 75 முதல் 90 நிமிடம் ஒரே கட்டுரை, இரண்டாவது நிமிடத்திலிருந்தே இடைமறிப்பார்கள். பொருளாதாரத் துறையின் வழக்கம் இது, அவமரியாதை கிடையாது. மாநாட்டில் ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று அல்லது நான்கு கட்டுரைகள், ஆளுக்கு 20 நிமிடத்தை ஒட்டி. செமினாருக்குச் செய்த 45 ஸ்லைடுகளை அப்படியே மாநாட்டுக்குக் கொண்டுவருவதுதான் எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. அவசரமாகப் புரட்டும்போது அரங்கம் எதையும் பிடித்துக்கொள்ளாது.

20 நிமிடத்துக்கு 12 முதல் 14 ஸ்லைடு போதும். முதல் ஸ்லைடு தலைப்பு. இரண்டாவதில் கேள்வி, ஒரே வாக்கியத்தில். மூன்றாவதில் விடை, எண்ணோடு. மூன்றாவது நிமிடம் முடியும்போது அரங்கில் இருக்கும் எல்லோருக்கும் நீங்கள் என்ன கண்டீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அடுத்து அமைப்பு: திட்டம் என்ன, யாருக்கு எப்படிக் கிடைத்தது, எந்த ஆண்டு. இதற்கு இரண்டு ஸ்லைடு. பிறகு தரவு ஒன்று, முறை ஒன்று, முடிவுகள் நான்கு, காரணவழி (விளைவு எப்படி நேர்ந்தது என்பது) இரண்டு. முந்தைய ஆய்வுகளுக்குத் தனி ஸ்லைடு வேண்டியதில்லை. உங்கள் முடிவு யாருடைய முடிவிலிருந்து விலகுகிறதோ அவர்கள் பெயரை அந்த முடிவின் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் போதும். பத்து நிமிடம் இலக்கியத் தொகுப்புக்குப் போய்விட்டால், கடைசி ஐந்து நிமிடத்தில் முடிவுகள் நெரிபடும், கேள்விக்கு நேரமே இராது. கேள்வி வராத உரைக்கு இவ்வளவு தூரம் வந்தது வீண். நம் மாணவர்கள் பலர் கேள்வி வராமல் போனதைத் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. இங்கே வராத கேள்வி எட்டு மாதம் கழித்து ரெஃபரி அறிக்கையாக வரும், அப்போது பதில் சொல்ல எதிரே ஆள் இருக்காது.

அட்டவணையை ஜர்னல் கட்டுரையிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். நான்கு பத்திகள், ஐந்தாறு வரிகள், அதற்கு மேல் கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்தியிலும் மூன்று எண்கள் மட்டும்: குணகம் (மதிப்பிட்ட விளைவு), அதன் திட்டப் பிழை (அந்த மதிப்பீடு எவ்வளவு ஊசலாடும் என்ற அளவு), ஒப்பீட்டுக் குழுவின் சராசரி. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பள்ளி வருகை 4 புள்ளி கூடியது என்றால், 40லிருந்து 44 ஆனதா 92லிருந்து 96 ஆனதா என்று தெரியாமல் யாரும் எதையும் சொல்ல முடியாது. முக்கியத்துவத்தைக் காட்டும் நட்சத்திரக் குறிகளைத் தவிர்த்து 95 சதவீத நம்பக இடைவெளியைப் படமாகப் போட்டால் இன்னும் நல்லது.

எதிர்பார்க்கும் கேள்விகளுக்கான ஸ்லைடுகளைக் கடைசியில் வைத்து, முதன்மை ஸ்லைடுகளில் இருந்து அவற்றுக்குச் சுட்டி கொடுங்கள், திரும்பி வரவும் ஒரு சுட்டி. ஸ்லைடு செய்யும் பீமர் மென்பொருளில் இது இரண்டு வரிக் கட்டளை. சுட்டி இல்லாமல் 30 ஸ்லைடுகளைக் கடந்து தேடும்போது இரண்டு நிமிடம் போய்விடும். அமர்வுத் தலைவர் 5, 2 என்று அட்டை காட்டும்போது நீங்கள் எந்த ஸ்லைடில் இருக்க வேண்டும் என்று முன்பே குறித்து வையுங்கள். 5 காட்டும்போது காரணவழிக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அதை விட்டுவிட்டு நேரே முடிவுரைக்குத் தாவுங்கள்.

பதில் சொல்லும் முறையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. கேள்வியை முழுதாகக் கேட்டு, அரங்கம் முழுதும் கேட்கும்படி ஒரு வரியில் திருப்பிச் சொல்லி, நேரடி விடையை முதலில் கொடுங்கள். செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லிவிட்டு, எந்தத் தரவு கொண்டு அதைச் சரிபார்க்கலாம் என்று சேர்த்துச் சொல்வது மதிப்பைக் கூட்டும். கேள்விகளைக் குறித்துக்கொள்ள நண்பர் ஒருவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். பேசிக்கொண்டிருப்பவரால் கேள்வியையும் கேட்டவர் பெயரையும் சேர்த்து நினைவில் வைக்க முடியாது.

மூன்றாம் நாள்: தெற்கே

விஸ்வவித்யாலயாவில் ஏறினால் ஹௌஸ் காஸ் 16வது நிலையம், வண்டி மாறத் தேவையில்லை. அங்கிருந்து ஆட்டோவில் கட்வாரியா சராய் பக்கம், சன்சன்வால் சாலை. இந்தியப் புள்ளியியல் கழகம் 1931இல் மகலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கியது. தில்லி மையம் ஐஐடிக்கும் ஜேஎன்யுவுக்கும் அருகில் மரங்கள் சூழ்ந்த சிறிய வளாகம். தங்க இடம் தேடுவோர் கட்வாரியா சராய், பேர் சராய், கிரீன் பார்க் பக்கம் பார்க்கலாம். வடக்கு வளாகத்திலேயே அறையை வைத்துக்கொண்டு தினமும் வந்து போனால் காலையில் ஒன்றரை மணி நேரம் கரையும்.

நிகழ்ச்சி நிரலை முந்தைய இரவே உட்கார்ந்து படித்துவிட வேண்டும். இணை அமர்வுகள் என்பதால் ஒன்றைத் தேர்ந்தால் இன்னொன்று போகும். தலைப்பைப் பார்த்துத் தேர்வது சரிவராது. உங்கள் தரவையே பயன்படுத்துபவர் யார், உங்கள் முறையையே வேறு கேள்விக்குப் போடுபவர் யார் என்று பாருங்கள். உங்கள் தலைப்பிலேயே பேசுகிறவரை நீங்கள் எப்படியும் படிப்பீர்கள். வேறு தலைப்பில் அதே தேசியக் குடும்பநல ஆய்வைப் பயன்படுத்துபவர்தான், அந்தத் தரவில் நீங்கள் இன்னும் காணாத ஓட்டையைக் கண்டிருப்பார்.

நான்காம் நாள்: எத்தனை கிராமம்?

இன்றைய நாளை ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறேன், ஏனென்றால் களப் பரிசோதனைக் கட்டுரைகளில் மிக அதிகம் பலி வாங்குவது இதுதான். பானர்ஜி, டுஃப்லோ, கிரெமர் மூவருக்கும் 2019இல் நோபல் கிடைத்த பிறகு திட்டம் யாருக்கு என்று குலுக்கிப் போட்டுத் தீர்மானிக்கும் குலுக்கல் முறை ஆய்வு செய்ய விரும்பாத ஆராய்ச்சி மாணவர் அபூர்வம். குலுக்கல் போடுவது எளிது. எந்த மட்டத்தில் குலுக்கினோம் என்பதைக் கடைசிவரை மறக்காமல் இருப்பதுதான் கடினம்.

வழக்கமான ஒரு வடிவம்: 60 கிராமங்கள், அதில் 30க்குத் திட்டம், 30க்கு இல்லை. கிராமத்துக்கு 20 குடும்பங்கள், மொத்தம் 1,200. ஸ்லைடில் மாதிரி 1,200 என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். ஆனால் ஒரே கிராமத்துக் குடும்பங்கள் ஒரே மழையை, ஒரே பள்ளியை, ஒரே சந்தையைப் பகிர்கின்றன. அவற்றின் விளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இந்த உள்தொடர்பு 0.1 என்று வையுங்கள். வடிவமைப்பு விளைவு என்பது 1 கூட்டல், கிராமத்துக்கான குடும்பங்களில் ஒன்று குறைத்து அதை உள்தொடர்பால் பெருக்கியது. அதாவது 1 + 19 × 0.1 = 2.9. 1,200ஐ 2.9ஆல் வகுத்தால் 414. உங்கள் கையில் உண்மையில் இருப்பது 414 குடும்பங்களுக்கு நிகரான தகவல்தான்.

5 சதவீத முக்கியத்துவ மட்டம் (இல்லாத விளைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கும் விளைவைப் பிடிக்கும் வாய்ப்பு), இரண்டு குழுக்களும் சமம் என்றால், கண்டுபிடிக்கக்கூடிய மிகச் சிறிய விளைவு 5.6ஐ அந்தப் பயனுறு மாதிரியின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 414க்கு அது 0.28 திட்ட விலக்கம் (எண்களின் சிதறலை அளக்கும் அலகு). இப்போது பணம் கூடுதலாகக் கிடைக்கிறது, மாதிரியை 2,400 ஆக்கலாம். கிராமத்துக்கு 40 குடும்பம் என்று கூட்டினால் வடிவமைப்பு விளைவு 4.9 ஆகிவிடும், பயனுறு மாதிரி 490, விளைவு 0.25. செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு, லாபம் அற்பம். அதே 2,400ஐ 120 கிராமத்தில் 20 வீதம் பிரித்தால் 828, விளைவு 0.19. இந்த மூன்று வரிக் கணக்கை நிதி விண்ணப்பத்துக்கு முன்பே போடாதவர்கள், மூன்றாண்டு களப்பணி முடித்து வந்து "விளைவு எதுவும் இல்லை" என்று சொல்லும்போது, விளைவு இல்லையா, பார்க்கும் திறன் இல்லையா என்று அரங்கத்தால் பிரித்தறிய முடியாது. ஊர் மக்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பதில் சொன்ன கேள்வித்தாள்கள் அவை. அப்படி ஆகக் கூடாது.

0.1 திட்ட விலக்க விளைவைப் பிடிக்க வேண்டும் என்றால்? பயனுறு மாதிரி 3,136 வேண்டும். 20 குடும்ப வீதத்தில் 455 கிராமங்கள். அதை எந்த மாணவராலும் எட்ட முடியாது. அப்போது இரண்டு வழி. தொடக்க நிலை அளவீடு எடுத்து அதைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்ப்பது முதல் வழி. மாறுபாட்டில் பாதியை அது விளக்கிவிட்டால் தேவையான மாதிரி பாதியாகும். பள்ளித் தேர்வு மதிப்பெண்களில் இது நன்றாக வேலை செய்யும், மாத வருமானத்தில் அவ்வளவாகச் செய்யாது. ஒரே குடும்பத்தைப் பலமுறை அளப்பது இரண்டாவது வழி. வருமானம், லாபம் போன்று மாதத்துக்கு மாதம் குதிக்கும் எண்களுக்கு அது ஏற்றது.

திட்டத்தை ஏற்றுக்கொள்பவர் எத்தனை பேர் என்பதும் இங்கே சேரும். பாதிப் பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் சராசரி விளைவு பாதியாகும், தேவையான மாதிரி நான்கு மடங்காகும். நுண்கடன் ஆய்வுகள் பலவற்றைத் திணறடித்தது இதுதான்.

திட்டப் பிழையைக் கணக்கிட, குடும்பங்களை எந்த மட்டத்தில் கொத்தாக்குவது என்ற கேள்வி தவறாமல் எழும். குலுக்கல் எந்த மட்டத்திலோ, அந்த மட்டத்தில். கிராமத்துக்குக் குலுக்கிவிட்டுக் குடும்ப மட்டத்தில் கணக்கிட்டால் திட்டப் பிழை பொய்யாகச் சிறுக்கும், நட்சத்திரங்கள் முளைக்கும். கொத்துகள் 40க்குக் கீழே என்றால் வழக்கமான சூத்திரமும் போதாது. கேமரன், கெல்பாக், மில்லர் 2008இல் முன்வைத்த வைல்ட் கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப் என்ற மறுமாதிரி முறையில் ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள்.

பெரிய மட்டத்தில் குலுக்குவதற்கு நல்ல முன்மாதிரி, முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் மூவரும் பிரிக்கப்படாத ஆந்திரத்தில் 100 நாள் வேலைக் கூலியையும் ஓய்வூதியத்தையும் ஸ்மார்ட்கார்டு வழியே கொடுத்தது பற்றிச் செய்த ஆய்வு. 2016இல் வெளியானது. 157 மண்டலங்கள் (மாவட்டத்துக்குக் கீழே உள்ள நிர்வாக அலகு), அவற்றில் 112க்கு முதலில், 45க்குக் கடைசியில். சுமார் 1.9 கோடி மக்கள் வாழும் பரப்பு. தனிமனித மட்டத்தில் குலுக்கியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரவும் விளைவும் சந்தைக் கூலியில் நேரும் மாற்றமும் ஒப்பீட்டுக் குழுவைத் தொட்டிருக்கும். மண்டல மட்டத்தில் குலுக்கியதால்தான் அந்தச் சந்தை விளைவைப் பின்னர் தனியாக ஆராயவே முடிந்தது. அரசோடு சேர்ந்து வேலை செய்யும் வாய்ப்புக் கிடைத்தால் முதலில் கேட்க வேண்டியது "எத்தனை பேரை ஆய்வு செய்யலாம்" என்பதல்ல, "எந்த நிர்வாக அலகில் வரிசையைக் குலுக்க விடுவீர்கள்" என்பதுதான்.

ஐந்தாம் நாள்: மாவட்டங்கள் பிரிகின்றன

இன்று தரவு. கேட்கும் போது சலிப்பாக இருக்கும், கட்டுரையைக் கவிழ்ப்பதும் இதுவே.

2001 கணக்கெடுப்பில் இந்தியாவில் 593 மாவட்டங்கள், 2011இல் 640. மாவட்ட எண்ணை வைத்து இரண்டையும் இணைத்தால் எண்கள் பொருந்தும், இடங்கள் பொருந்தாது. தமிழ்நாட்டையே பாருங்கள்: 2001இல் 30, 2011இல் 32, இப்போது 38. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது எளிது, இரண்டையும் சேர்த்துப் பழைய தர்மபுரி ஆக்கிவிடலாம். திருப்பூர் அப்படியல்ல. அது கோயம்புத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் பகுதி பகுதியாக எடுத்து 2009இல் உருவானது. மாவட்ட மட்டத் தரவு மட்டுமே கையில் இருந்தால் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் மூன்றையும் சேர்த்து ஒரே அலகாக்குவதைத் தவிர வழியில்லை. அந்த இணைப்புப் பட்டியலைத் தனிக் கோப்பாக வைத்து, எந்த மாவட்டம் எந்த அலகுக்குள் போனது என்று ஒவ்வொரு வரியும் எழுதிவைக்க வேண்டும். கேட்கும்போது காட்ட வேண்டிவரும்.

நுகர்வுச் செலவு ஆய்வுகளில் வேறு சிக்கல். 1999-2000 சுற்றில் உணவுக்கு 7 நாள், 30 நாள் என்று இரண்டு நினைவுக் காலங்களையும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்டதால், அதை 1993-94உடன் நேரே ஒப்பிட்டு வறுமை எவ்வளவு குறைந்தது என்று சொல்வது பெரும் விவாதமானது. 2017-18 சுற்றின் முடிவுகள் வெளியிடப்படவில்லை. 2022-23இல் கேள்வித்தாள் மூன்றாகப் பிரிந்து, ஒரே வீட்டுக்கு மூன்று முறை போகும் முறை வந்தது. 2011-12க்கும் 2022-23க்கும் இடையே ஒரு கோடு இழுத்து, அந்த வறுமைச் சரிவு முழுதும் மக்கள் வாழ்வில் நடந்தது என்று காட்டினால், முன்வரிசையில் ஒரு கை உயராமல் இருக்காது. உயரத்தான் வேண்டும்.

வரம்பை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்குப் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் நல்ல பாடம். 2000இல் தொடங்கியது. மக்கள்தொகை 1,000க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு முதலில், பிறகு 500க்கு மேல், மலை, பழங்குடிப் பகுதிகளில் 250 என்பது விதி. 499க்கும் 501க்கும் வேறு வித்தியாசம் இராது என்பதால் சாலையின் விளைவைப் பிரித்தெடுக்கலாம். ஆஷர், நோவோசாட் இருவரும் 2020இல் வெளியிட்ட முடிவு பலரையும் நிமிரச் செய்தது: சாலை வந்ததும் ஆட்கள் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போனார்கள், ஆனால் வருமானம், சொத்து, விளைச்சல் பெரிதாக மாறவில்லை. இந்த முறையைக் கையாள நினைப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். எல்லா மாநிலங்களும் விதியைப் பின்பற்றினவா? பின்பற்றாத மாநிலத்தைச் சேர்த்தால் வரம்பில் தாவல் மறைந்துபோகும். மக்கள்தொகை எண்ணை யாராவது 500க்கு மேலே தள்ளி எழுதினார்களா? வரம்பின் இருபுறமும் கிராமங்களின் எண்ணிக்கையை வரைந்து பார்த்தால் தெரிந்துவிடும்: 500க்குச் சற்று மேலே ஒரு குவியல் இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது.

தேநீர் இடைவேளையில் பேராசிரியர்களை அணுகுவது பற்றி ஒரு வார்த்தை. "உங்களோடு வேலை செய்ய விரும்புகிறேன்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடியும். அவருடைய கட்டுரையின் ஒரு குறிப்பிட்ட அட்டவணையைப் பற்றிக் கேளுங்கள், அல்லது உங்கள் கட்டுரையின் ஒற்றைச் சிக்கலை இரண்டு வாக்கியத்தில் வையுங்கள். பெரும்பாலோர் நின்று பேசுவார்கள். அவர்களும் அதற்காகத்தான் வருகிறார்கள்.

ஆறாம் நாள்: திரும்பும் வழி

ரயில் ஏறியதும் முதல் வேலை, முன்வரிசை நண்பர் எழுதிய கேள்விகளை மூன்றாகப் பிரிப்பது. ஒப்பீட்டையே கேள்விக்குள்ளாக்கியவை மேலே. அவை தீராமல் மற்ற எதையும் தொட வேண்டாம். கூடுதல் சோதனை கேட்டவை அடுத்து. பெரும்பாலும் அவை பின்னிணைப்பில் ஒரு அட்டவணையோடு முடியும். விளக்கம் போதாமல் எழுந்தவை கடைசியில். ஒரே சந்தேகத்தை மூன்று பேர் கேட்டிருந்தால் அவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்காமல் அறிமுகப் பகுதியை மாற்றி எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் போக வேண்டும்: கேள்வி, நீங்கள் செய்து பார்த்தது, கிடைத்த எண். கட்டுரையை இணைக்கலாம், படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

அடுத்த வாய்ப்புகளுக்கு நாட்காட்டியை இப்போதே பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆய்வு மையம் நடத்தும் மாநாடு மார்ச்சில். கட்டுரை அனுப்பும் கெடு முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும். பெயரில் ஆப்பிரிக்கா இருந்தாலும் இந்தியத் தரவுக் கட்டுரைகளும் அங்கே வாசிக்கப்படுகின்றன. அமெரிக்காவின் வடகிழக்குப் பல்கலைக்கழகங்கள் முறைவைத்து நடத்தும் நியூடாக் (NEUDC) என்ற வளர்ச்சிப் பொருளாதார மாநாடு இலையுதிர் காலத்தில். பிரிட்டன் வருகையாளர் விசா வழக்கமாக மூன்று வாரத்தில் வரும், அமெரிக்க விசாவுக்கு நேர்காணல் தேதி கிடைக்கவே மாதக்கணக்காகலாம். ஆகவே கட்டுரை ஏற்கப்பட்ட அன்றே அழைப்புக் கடிதம் கேட்டுவிடுங்கள். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், மாநாட்டுத் தேதிகள், செலவை யார் ஏற்கிறார்கள் என்ற மூன்றும் இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.